நாலாவது பிரதி

கொரியா தேசத்தில் 1404-ஆம் ஆண்டு ஓர் அரசர் குதிரையிலிருந்து கீழே விழுந்தார். அவர் பெயர் தேஜோங். வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு மானைக் குறிவைத்துக் கொண்டு குதிரையை விரட்டினார், குதிரை இடறிற்று, மகாராஜா மண்ணில் புரண்டார். நல்ல வேளையாகக் காயம் ஒன்றும் இல்லை. எழுந்தவுடன் இடப்புறமும் வலப்புறமும் பார்த்துவிட்டு, இந்தச் சங்கதி சரித்திரம் எழுதும் உத்தியோகஸ்தருக்குத் தெரியக் கூடாது என்று சொன்னாராம்.

இது நமக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்களா? அந்த உத்தியோகஸ்தர் எழுதி வைத்திருக்கிறார்! அரசர் விழுந்ததையும் எழுதியிருக்கிறார்; தமக்குத் தெரியக் கூடாது என்று அரசர் உத்தரவிட்டதையும் ஒரு வார்த்தை விடாமல் சேர்த்து எழுதியிருக்கிறார்.

அறுநூறு வருஷங்களுக்கு முன்பு ஓர் அரசர் பட்ட வெட்கம் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறதே, அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அரசரின் ரகசியம் பிழைத்ததைவிட, அதை எழுதிய காகிதம் பிழைத்ததுதான் பெரிய அதிசயம்.

ஜோசன் ராஜ வம்சம் கொரியாவை 1392 முதல் 1910 வரை ஆண்டது. அந்த அரண்மனையில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. அரசர் யாரோடு பேசினாலும், எந்த மந்திரியைக் கூப்பிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதிக் கொள்ள ஆள் இருப்பார். எழுதியதை அரசர் பார்க்கக் கூடாது. அவர் காலமான பிறகு அந்தக் குறிப்புகளைத் திரட்டி அவருடைய ஆட்சியின் சரித்திரத்தைத் தொகுப்பார்கள். கொரிய எழுத்தையே உருவாக்கித் தந்த மகா அரசர் சேஜோங், தம் தகப்பனாரின் சரித்திரத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். மந்திரிகள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தகப்பனார் வேறு யாருமல்ல, குதிரையிலிருந்து விழுந்தாரே, அதே தேஜோங்தான்!

இப்படி 25 அரசர்களின் ஆட்சி, 472 வருஷங்கள், 888 புத்தகங்களாகத் தொகுக்கப்பட்டது. சில்லோக் என்று அதற்குப் பெயர். தொகுத்து முடிந்ததும் இன்னொரு காரியம் செய்தார்கள். மூலக் குறிப்புகளையெல்லாம் சியோல் நகருக்கு வெளியே ஓர் ஓடைக்குக் கொண்டுபோய் மசி போகும்படி அலசி, காகிதத்தைக் கூழாக்கி மறுபடியும் காகிதம் செய்தார்கள். யார் யாரைப் பற்றி என்ன எழுதினார் என்பது பிற்காலத்தில் வம்புக்கு இடமாகக் கூடாது அல்லவா? ஆனால் இதனால் ஓர் ஆபத்து உண்டு. மூலம் தண்ணீரோடு போய்விட்டது. மிஞ்சியது பிரதிதான். பிரதியும் போய்விட்டால் எல்லாம் போயிற்று.

ஆகவே அந்தக் காலத்து மந்திரிகளுக்கு ஒரு கவலை பிறந்தது. எத்தனை பிரதி எடுப்பது? எங்கே வைப்பது? வைத்த பிரதி நன்றாயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்று பாங்கியிலும் ரெயில்வேயிலும் ஆஸ்பத்திரியிலும் கம்ப்யூட்டர் இலாகாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் அடிக்கும் கேள்விகளும் இவைதான். அவர்கள் இதற்கு பாக்கப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் புதிது.

* * *

சேஜோங் அரசர் காலத்தில், 1439-இல், ஒரு யோசனை எழுந்தது. தலைநகரிலும் சுங்ஜு என்ற ஊரிலும் மட்டும் சரித்திரத்தை வைத்திருப்பது போதாது. தெற்கே சொங்ஜு, ஜொன்ஜு என்ற இரண்டு ஊர்களிலும் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1445-க்குள் நாலு பிரதிகள் நாலு இடங்களில் அமர்ந்துவிட்டன. (சுங்ஜு, சொங்ஜு, ஜொன்ஜு என்று எதுகை போட்டதுபோல் வரும் இந்தப் பெயர்களைக் கண்டு வாசகர்கள் மிரள வேண்டாம். ஜொன்ஜு ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.)

வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்களா? இல்லை. இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒரு முறை, மழைக் காலம் போனதும், தலைநகரிலிருந்து ஒரு சரித்திர உத்தியோகஸ்தர் புறப்பட்டு வருவார். அவர் வந்துதான் பெட்டியைத் திறக்க வேண்டும். ஜில்லா அதிகாரிக்குக்கூட அந்த உரிமை கிடையாது. நம் வீடுகளில் பட்டுப் புடவைகளை எடுத்து உலர்த்துவதுபோல் புத்தகங்களை எடுத்துக் காற்றும் வெயிலும் படும்படி உலர்த்துவார்கள். ஒவ்வொன்றாக எண்ணி, ஜாபிதாவோடு ஒத்துப் பார்த்து, எழுதி வைப்பார்கள். பிறகு பூச்சி அண்டாமலிருக்க மருந்துப் பொடியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்து மூடுவார்கள். அந்தப் பொடியில் ஒன்று வசம்பு! நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்த அதே வசம்புதான்.

1538-இல் இந்த ஏற்பாட்டுக்கு முதல் பரீட்சை வந்தது. சொங்ஜு சரித்திரக் கட்டிடத்தில் யாரோ வேலைக்காரர்கள் புறாப் பிடிக்கத் தீப்பந்தத்தோடு ஏறினார்கள். புறா அகப்பட்டதோ இல்லையோ, கட்டிடம் அகப்பட்டுக் கொண்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சரித்திரம் சாம்பலாயிற்று. ஆனால் மற்ற மூன்று இடங்களிலும் பிரதிகள் இருந்தன. தலைநகர்ப் பிரதியைப் பார்த்து மறுபடியும் தயாரித்துச் சொங்ஜுவில் வைத்துவிட்டார்கள். விபத்து என்றால் இவ்வளவுதான் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி ஏற்பட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாலு பிரதியும் நாலு ஊர்களில் இருந்தன என்பது உண்மை. ஆனால் நாலும் ஊருக்குள் இருந்தன. நாலும் நல்ல சாலை ஓரத்தில் இருந்தன. உத்தியோகஸ்தர் போய்வர வசதியாக இருக்க வேண்டும் அல்லவா? உத்தியோகஸ்தருக்கு வசதியான சாலை படையெடுத்து வருகிறவனுக்கும் வசதிதான். தீயை நினைத்து வகுத்த ஏற்பாடு தீக்குப் போதுமானதாக இருந்தது. யுத்தத்தை யாரும் நினைக்கவில்லை.

* * *

1592-ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானிய அதிபர் தோயோதோமி ஹிதெயோஷியின் படைகள் பூசான் துறைமுகத்தில் வந்து இறங்கின. மூன்று வாரத்துக்குள் தலைநகரம் விழுந்தது. அரசர் வடக்கே ஓடினார். போகிற வழியில் படைகள் சொங்ஜுவைத் தாண்டின, சுங்ஜுவைத் தாண்டின, சியோலுக்குள் நுழைந்தன. மூன்று பிரதிகளும் எரிந்து போயின.

அதோடு போகவில்லை. அரசரோடு ஓடிய சரித்திர உத்தியோகஸ்தர்களில் நாலு பேர், தங்களிடமிருந்த அன்றாடக் குறிப்புகளைத் தீயிட்டுக் கொளுத்திவிட்டு வழியிலேயே மறைந்து விட்டார்கள். அப்போது ஆண்டவர் சொன்ஜோ. அவர் பட்டத்துக்கு வந்து 25 வருஷங்கள் ஆகியிருந்தன. அரசர் உயிரோடு இருந்ததால் அந்தக் காலம் இன்னும் சரித்திரமாகத் தொகுக்கப்படவில்லை, குறிப்பாகவே இருந்தது, குறிப்புக்குப் பிரதி கிடையாது. பிற்பாடு எவ்வளவு தேடித் தொகுத்தும் அந்த 25 வருஷச் சரித்திரம் மெலிந்த சரித்திரமாகவே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர்க்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். கடைசியாகப் பிரதி எடுத்த நிமிஷத்துக்கும் விபத்து நடந்த நிமிஷத்துக்கும் நடுவில் எழுதியது எதுவோ அது போய்விடும். அதனால்தான் முழுப் பிரதியோடு நிற்காமல், அவ்வப்போது நடக்கும் மாற்றங்களையும் உடனுக்குடன் இன்னோர் இடத்துக்கு அனுப்பிக் கொண்டேயிருக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு நேரத்து வேலையை இழக்கத் தயார் என்பதை முன்னாலேயே தீர்மானித்துக் கொள்ள வேண்டும். ஜோசன் அரசாங்கம் அறியாமலே ஓர் ஆட்சிக் காலத்தை இழக்கத் தயாராயிருந்தது.

மிஞ்சியது ஜொன்ஜு. நாலாவது பிரதி. 1392 முதல் 1567 வரை 13 அரசர்களின் சரித்திரம் உலகத்தில் இந்த ஒரு கட்டிடத்தில்தான் இருந்தது. குதிரையிலிருந்து விழுந்த தேஜோங்கும் இங்கேதான் இருந்தார். ஜப்பானியப் படை ஒன்று ஜொன்ஜு இருக்கும் மாகாணத்தின் வாசலுக்கு வந்துவிட்டது.

அப்போது அக்கம்பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ஆன் உய், வயது 64. இன்னொருவர் சோன் ஹோங் ரோக், வயது 56. இருவரும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள் அல்ல. படித்த கிராமத்து மனிதர்கள். இந்தப் புத்தகங்களை அவர்கள் அதற்கு முன் கண்ணால் பார்த்திருக்கவும் முடியாது. பெட்டியைத் திறக்கத்தான் அவர்களுக்கு உரிமை கிடையாதே! இருந்தாலும் தங்கள் வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு, காவல் அதிகாரியான ஓ ஹுய்கில் என்பவரோடு சேர்ந்து, எண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகள் கொண்ட அந்தச் சரித்திரத்தைக் கட்டி எடுத்துக் கொண்டு, 40 கிலோமீட்டருக்கு மேல் நடந்து நேஜாங் என்னும் மலைக்குப் போனார்கள். சந்திர மாதக் கணக்கில் ஆறாம் மாதம் 22-ந் தேதி அவர்கள் மலைக் குகைப் பக்கம் ஒரு சிறு ஆசிரமத்தில் பெட்டிகளை இறக்கினார்கள். அங்கேயும் பயமாயிருக்கவே இன்னும் உயரமான, இன்னும் வழியில்லாத இடத்துக்கு மாற்றினார்கள். ஹுய்முக் என்ற பௌத்தத் துறவி தம் சீடர்களோடு வந்து காவலுக்கு நின்றார்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில், இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஒரு மனிதன் அல்ல. ஒரு நோட்டுப் புத்தகம். அந்தப் பெரியவர்கள் மலையிலே உட்கார்ந்து முறைக் காவலுக்கு ஒரு நாட்குறிப்பு வைத்தார்கள். இன்று யார் காவல், நாளைக்கு யார் காவல் என்று தினந்தோறும் பதிந்தார்கள். ஆன் உய் தனியாக 174 நாள். சோன் ஹோங் ரோக் தனியாக 143 நாள். இருவரும் சேர்ந்து 53 நாள். மொத்தம் 370 நாட்கள். அதில் ஒரு நாள்கூட யாரும் இல்லாத நாள் இல்லை. சம்பளம் கொடுக்க ஆளில்லாத மலை உச்சியில், கேட்க அதிகாரி இல்லாத காட்டில், இரண்டு கிழவர்கள் ஆஜர்ப் பட்டியல் எழுதிக் கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையையும் அடைக்கிறது.

அந்தக் கோடையில் ஜப்பானியர் ஜொன்ஜுவைப் பிடிக்கவில்லை. கடலிலே யி சுன் சின் என்ற தளபதியும், மலைக் கணவாய்களிலே உள்ளூர்ப் படைகளும் தடுத்து விட்டார்கள். அப்படியானால் பெரியவர்கள் வீணாக அலைந்தார்களோ? இல்லை. 1597-இல் மறுபடியும் படை வந்தது. அந்தத் தடவை ஜொன்ஜு விழுந்தது. சரித்திரக் கட்டிடமும் எரிந்தது. ஆனால் உள்ளே எரிவதற்குப் புத்தகம் இல்லை. அவை 1593-லேயே நேஜாங் மலையை விட்டு இறங்கி, ஆசான், ஹேஜு, காங்வா தீவு என்று ஊர் ஊராகச் சென்று, வடக்கே மியோஹ்யாங் மலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

* * *

யுத்தம் 1598-இல் ஓய்ந்தது. தேசம் முழுவதும் பஞ்சம். அப்படியிருந்தும் 1603-இல் அரசாங்கம் முதலில் தொடங்கிய காரியங்களில் ஒன்று, அந்த ஒரே பிரதியை வைத்து மறுபடி அச்சடிப்பது. மூன்று வருஷம் பிடித்தது. 1606-இல் மூன்று புதிய பிரதிகள் தயாராயின. பழைய ஜொன்ஜு பிரதி ஒன்று. பிழை திருத்திய புரூப் காகிதங்களையும் எறியாமல் கட்டி அதையும் ஒரு பிரதியாக வைத்துக் கொண்டார்கள். ஆக ஐந்து.

இப்போது எங்கே வைத்தார்கள் தெரியுமா? தினசரி உபயோகத்துக்கு ஒன்றைத் தலைநகரில் வைத்தார்கள். மற்ற நாலையும் மலைகளிலும் தீவிலும் கொண்டுபோய் வைத்தார்கள். ஓடே மலை, தேபேக் மலை, மியோஹ்யாங் மலை, காங்வா தீவின் மானி மலை. ஏறிப் போகவே மூச்சு வாங்கும் இடங்கள். பௌத்த மடங்களை அண்டையில் வைத்துத் துறவிகளைக் காவலுக்கு நியமித்தார்கள். கன்பூஷியஸ் மார்க்கத்தைக் கைக்கொண்டு பௌத்தர்களை ஒதுக்கி வைத்திருந்த அரசாங்கம் அது! ஆனாலும் நேஜாங் மலையில் யார் காவல் நின்றார்கள் என்பதை அது மறக்கவில்லை.

இதில் அடங்கியிருக்கிற விவேகத்தைப் பாருங்கள். அருகில் இருக்கும் பிரதி சீக்கிரம் கைக்குக் கிடைக்கும். ஆனால் மூலத்தோடு சேர்ந்து அழியும். தூரத்தில் இருக்கும் பிரதி கைக்குக் கிடைக்க நாளாகும், ஆனால் மிஞ்சும். இரண்டில் எது நல்லது என்று கேட்பது தவறு. இரண்டும் வேண்டும். சிறு விபத்துக்கு அருகில் ஒன்று. பெரு விபத்துக்கு மலையில் ஒன்று.

ஐந்து பிரதிகளின் பிற்காலக் கதையைக் கேட்டால் இது இன்னும் நன்றாக விளங்கும். தலைநகர்ப் பிரதி 1624-இல் ஓர் உள்நாட்டுக் கலகத்தில் எரிந்தது. மியோஹ்யாங் மலைப் பிரதியை, வடக்கே மஞ்சூக்கள் தலையெடுத்த சமயம், தெற்கே ஜோக்சாங் மலைக்கு மாற்றினார்கள். மானி மலைப் பிரதி 1636-இல் மஞ்சூ படையெடுப்பில் சேதமடைந்து, பழுது பார்க்கப்பட்டு, அதே தீவில் ஜோங்ஜோக் மலைக்குப் போயிற்று. நாட்டை ஜப்பான் விழுங்கிய பிறகு, 1913-இல், ஓடே மலைப் பிரதியை டோக்கியோ சர்வகலாசாலைக்கு எடுத்துப் போனார்கள். 1923-ஆம் வருஷப் பெரும் பூகம்பத்தில் அது எரிந்து போயிற்று. யாரோ படிப்பதற்கு இரவல் வாங்கிப் போயிருந்த புத்தகங்கள் மட்டும் தப்பின. இரவல் வாங்கியவர்களைச் சரித்திரம் வாழ்த்திய சந்தர்ப்பம் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகமே! ஜோக்சாங் மலைப் பிரதி 1950-இல் தொடங்கிய யுத்தத்தின்போது வடகொரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜோங்ஜோக் மலைப் பிரதி, அதாவது அந்தப் பெரியவர்கள் தூக்கிப் போன ஜொன்ஜு பிரதி, இன்று சியோல் தேசிய சர்வகலாசாலையில் இருக்கிறது. தேபேக் மலைப் பிரதி பூசானில் தேசிய ஆவணக் களஞ்சியத்தில் இருக்கிறது. கலகம், படையெடுப்பு, அந்நிய ஆட்சி, பூகம்பம், உள்நாட்டுப் போர் எல்லாம் வந்தன. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று போயிற்று. ஒரு தடவையும் எல்லாம் போகவில்லை.

அதே அரண்மனையில் இன்னொரு நாட்குறிப்பும் இருந்தது. அரசரின் காரியதரிசிகள் எழுதியது. மனுக்கள், உத்தரவுகள், அன்றைய மழை வெயில் எல்லாம் அதில் உண்டு. அது சில்லோக்கைவிடப் பல மடங்கு பெரியது. அதனாலோ என்னவோ பிரதி எடுக்கவில்லை. 1592-இல் அதுவரை எழுதியது எரிந்தது. 1624-இல் மறுபடி எரிந்தது. 1744-இல் மறுபடியும் தீப்பிடித்தது. அங்குமிங்கும் தேடித் திரட்டி ஒரு பகுதியை மீட்டார்கள். இன்று அதில் 1623-க்குப் பிற்பட்டதுதான் இருக்கிறது. முதல் இருநூறு வருஷங்களுக்கு மேற்பட்டது அடியோடு போயிற்று.

* * *

நானூறு வருஷங்கள் கழிந்தன. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி இரவு, ஜொன்ஜுவுக்கு வடக்கே அதிக தூரமில்லாத டேஜோன் நகரத்தில், தென்கொரிய அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் நிலையத்தில் தீப்பிடித்தது. மின்சாரம் நின்றால் உதவுவதற்கென்று வைத்திருந்த லிதியம் பாட்டரிகளை இடம் மாற்றும்போது கிளம்பிய தீ. 709 அரசாங்க சேவைகள் நின்று போயின. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தது. வாரக் கணக்கில் ஒன்றொன்றாக மீட்டார்கள். ஆனால் ஜி-டிரைவ் என்று ஒன்று இருந்தது. அரசாங்க உத்தியோகஸ்தர்கள் தங்கள் வேலைக் காகிதங்களைச் சேர்த்து வைக்கும் பொது அலமாரி. 858 டெராபைட் அளவுள்ள அந்த அலமாரி அடியோடு எரிந்தது. வெளியிடத்தில் பிரதி இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, அது மிகவும் பெரியது, பிரதி எடுக்க முடியவில்லை என்று பதில் வந்தது.

காரியதரிசிகளின் நாட்குறிப்பு ஞாபகம் வருகிறதல்லவா? பெரியது என்பதால் பிரதி எடுக்கவில்லை. பிரதி எடுக்கவில்லை என்பதால் இப்போது சிறியதுகூட இல்லை.

பிரதி எடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2017 ஜனவரி 31-ந் தேதி கிட்லாப் என்ற அமெரிக்கக் கம்பெனியில் ஒரு என்ஜினீயர் இரவு வேலையில், தவறான கம்ப்யூட்டரில் உத்தரவைக் கொடுத்து, மூல டேட்டாபேஸையே அழித்துவிட்டார். கம்பெனியில் பிரதி எடுக்கும் முறைகள் ஐந்து இருந்தன. அவசரத்துக்கு ஒன்றும் உதவவில்லை. தினந்தோறும் எடுப்பதாக நினைத்திருந்த பிரதியைத் தேடினால் இடம் காலி! எடுக்கும் காரியம் தோற்றுக் கொண்டேயிருந்தது; தோற்றது என்று அறிவிக்கும் கடிதங்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில், ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு ஒரு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதி காப்பாற்றியது. ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான். கம்பெனி அத்தனையையும் ஒளிக்காமல் வெளியிட்டது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் பெட்டியைத் திறந்து, வெயிலில் உலர்த்தி, எண்ணிப் பார்த்து, ஜாபிதாவில் கையெழுத்துப் போட ஓர் உத்தியோகஸ்தர் அங்கே இல்லாமற் போனார். திறந்து பார்க்காத பிரதி, பிரதி அல்ல, நம்பிக்கை. நம்பிக்கையைக் கொண்டு கோயில் கட்டலாம். அழிந்த கணக்கை மீட்க முடியாது.

ஆகையால், எந்த முறை சிறந்தது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஜோசன் சரித்திரம் சொல்லும் பதில் இது. முழுப் பிரதியும் எடு. நாள் நடப்பையும் விடாதே. ஒன்றை அருகில் வை. ஒன்றை, நீ அஞ்சுகிற ஆபத்து எட்ட முடியாத தூரத்தில் வை. குறித்த காலத்தில் திறந்து பார். பெரியது என்று சாக்குச் சொல்லாதே. இவ்வளவும் செய்தால் அரசாங்கம் தன் கடமையைச் செய்ததாகும்.

ஆனால் இவ்வளவும் செய்த பிறகும், 1592-இல் ஜொன்ஜு கட்டிடம் தானாக நடந்து மலை ஏறவில்லை. நாலு இடத்தில் வைத்த ஏற்பாடு ஒரு சந்தர்ப்பத்தை மிச்சம் வைத்தது. அதைத் தோளில் தூக்கிப் போக மனிதர்கள் வேண்டியிருந்தது. ஆபத்து வந்த அன்று எழுதியவர்களே குறிப்புகளைக் கொளுத்திவிட்டு ஓடினார்கள். படிக்க உரிமை இல்லாதவர்கள் வந்து தூக்கினார்கள். ஆன் உய் 1596-இல் காலமானார். தாம் தூக்கிச் சென்றது மறுபடி அச்சேறியதை அவர் பார்க்கவில்லை. அதிலே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அவர் ஒருநாளும் படித்ததில்லை. ஓர் அரசர் குதிரையிலிருந்து விழுந்த வேடிக்கை கூட அவருக்குத் தெரிந்திருக்காது. நமக்குத் தெரிகிறது.